அறிவை விற்றல் ஆகுமா? மத்தியகாலப் பல்கலைக்கழகங்களின் தோற்றமும் ஓர் அறவினாவும்

அறிவு இறைவனின் கொடை. கொடையாகப் பெற்றதை விலைக்கு விற்றல் தகாது என்பது 12ஆம் நூற்றாண்டு மேலை ஐரோப்பாவிற் கற்றோரிடையே பரவலாக ஏற்கப்பட்ட கொள்கையாக இருந்தது. விவிலியமும் திருச்சபைச் சட்டமும் அதற்கு அரண் செய்தன. ஆயினும் அதே நூற்றாண்டிற் கருக்கொண்டு அடுத்த நூற்றாண்டில் உருப்பெற்ற பல்கலைக்கழகம் என்னும் நிறுவனத்தின் ஆவணங்களைப் புரட்டுவோர் அங்குக் காண்பன யாவை? கட்டணம், தண்டம், வைப்புப் பணம், சம்பளம், பட்டமளிப்புச் செலவு ஆகியனவே மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. விற்கலாகாது எனத் தானே ஏற்றுக்கொண்ட ஒன்றின் பொருட்டு நாள்தோறும் பணம் கொடுத்தும் வாங்கியும் வந்த ஒரு சமுதாயம் தன் மனச்சான்றுக்கு என்ன விடை கூறிற்று என்பது வரலாற்று வினாவாக மட்டும் அமையாது அறவினாவாகவும் அமைகின்றது. இலவசமாக வழங்கப்படும் கல்விக்கும் எவரோ ஒருவர் விலை கொடுத்தே ஆகவேண்டும். அவ்வாறு கொடுப்பவர் தமது கையை அதன்மீது வையாது விடுவதும் அரிது. மத்தியகாலப் பல்கலைக்கழகங்களின் வளர்ச்சியை இவ்வினாவிலிருந்து விலக்கி நோக்கின், அதன் பாதியே புலப்படும்.

பல்கலைக்கழகங்களுக்கு முந்திய நூற்றாண்டுகளில் இவ்வினா எழுந்ததில்லை. மடாலயத்திற் கற்பித்த துறவிக்குத் தனியுடைமை இல்லை. அவர் மடத்து நிலத்தின் விளைவை உண்டார், மடத்துக் கூரையின்கீழ் உறங்கினார். பேராலயப் பள்ளிகளிற் கற்பித்தவரும் ஆலய மானியத்தைக் கொண்டே வாழ்ந்தார். நிலமானிய அமைப்பினுள் ஆசிரியனுக்கு ஓர் இடம் இருந்தது. அவனுக்கான சோறும் அவ்விடத்திலேயே இருந்தது. 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் வேளாண் விளைவு பெருகி, வணிகம் தழைத்து, நகரங்கள் எழுந்தபோது இந்நிலை குலைந்தது. ஒப்பந்தம் எழுதும் நொத்தாரிசும், வழக்குரைக்கும் சட்ட அறிஞனும், கணக்கும் கடிதமும் தீட்டும் எழுத்தனும் அரசர்க்கும் ஆயர்க்கும் நகரசபைகளுக்கும் தேவைப்பட்டனர். தொலேதோவிலும் சிசிலியிலும் அரபு மொழியினின்று பெயர்க்கப்பட்ட அரிஸ்டோட்டில், யூக்கிளிட், கேலன், இப்னு சீனா ஆகியோரின் நூல்கள், பழைய பள்ளிப் பாடங்களிற் காணப்படாத ஓர் அறிவுலகைத் திறந்துவைத்தன. கற்க விழைவோர் தொகை பெருகியது. மானியங்களின் தொகை அவ்வளவுக்குப் பெருகவில்லை. நிலமும் மடமும் மானியமும் இன்றி, தன் நாவன்மையையே முதலாகக் கொண்டு ஊரூராகச் செல்லும் ஆசிரியன் என்னும் புதிய மனிதன் இவ்வாறே தோன்றினான்.

அம்மனிதனின் முதற் பெருவடிவம் பீற்றர் அபெலார்ட் (1079–1142). சிறு பிரபுக் குடும்பமொன்றின் மூத்த மகனாகப் பிறந்து, வாளையும் மரபுரிமையையும் துறந்து, அளவையியல் வாதத்தைத் தன் போர்க்களமாகத் தேர்ந்தவர் அவர். தமது துன்பங்களைப் பற்றி எழுதிய தன்வரலாற்றில், கற்பித்தல் தமக்குப் புகழையும் பொருளையும் ஈட்டித்தந்தமையை அவர் மறைக்கவில்லை. 1121இல் சுவாசோன் சங்கத்தில் அவரது நூல் அவர் கையாலேயே நெருப்பிலிடப்பட்டது. பின்னர் அவர் துறுவா நகருக்கு அண்மையில் ஆளரவமற்ற ஓரிடத்தில் ஒதுங்கி வாழ முற்பட்டபோது, மண்ணைக் கிண்ட உடலில் வலுவின்மையாலும் இரந்துண்ண நாணியமையாலும் மீண்டும் பள்ளி தொடங்கியதாகக் கூறுகின்றார். மாணவர் நகரங்களை விட்டு அங்கே திரண்டு, குடில் அமைத்துத் தங்கி, அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, வயலை உழுது, கட்டடச் செலவையும் தாமே ஏற்றனர். அபெலார்ட் அங்குப் பெற்றதைக் கட்டணம் என்பதா காணிக்கை என்பதா? கொடுத்தவரும் கொண்டவரும் அக்கேள்வியை எழுப்பியதாகத் தெரியவில்லை. நூறு மாணவர் சேர்ந்த இடத்தில் அன்பு போதுமானதாக இருந்தது; ஆயிரவர் சேரும் நகரத்தில் அது போதாது.

அபெலார்டின் பெரும் எதிரியான கிளேர்வோ மடாதிபதி பேர்ணாட், அறிவைத் தேடுவோரின் நோக்கங்களை வகுத்துரைக்குமிடத்து, பணத்துக்கும் பதவிக்கும் அதனை விற்கும் பொருட்டுக் கற்போரை இழிந்த ஆதாயம் தேடுவோர் என இடித்துரைத்தார். இக்கண்டனம் தனித்து நின்ற ஒன்றன்று. அக்கால இறையியலாளர் வட்டிக்குக் கொடுப்போனையும் இவ்வாறே நோக்கினர். வட்டி வாங்குவோன் காலத்தை விற்கின்றான், காலமோ இறைவனுக்குரியது. ஆசிரியன் அறிவை விற்கின்றான்; அறிவும் இறைவனுக்குரியதே. புதிய நகரப் பொருளாதாரம் ஈன்ற வணிகனும் ஆசிரியனும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டமை நோக்கற்பாலது.

திருச்சபை கண்டனத்தோடு நின்றுவிடவில்லை. 1179இல் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் தலைமையிற் கூடிய மூன்றாம் லத்தரன் பொதுச்சங்கம், ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும் என்றும், அவர் அவ்வாலயத்துக் குருநிலையினருக்கும் வறிய மாணவருக்கும் கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்றும் விதித்தது. கற்பிப்பதற்கான அனுமதியை வழங்குவதற்குப் பணம் கேட்டலாகாது, தகுதியுடையோனுக்கு அவ்வனுமதியை மறுத்தலும் ஆகாது என அதே விதி தொடர்ந்து கூறிற்று. 1215இன் நான்காம் லத்தரன் சங்கம் இக்கடப்பாட்டை வசதியுள்ள பிற ஆலயங்களுக்கும் விரித்தது. முந்திய விதி பல இடங்களில் நிறைவேற்றப்படவில்லை என அச்சங்கமே ஒப்புக்கொண்டது. வறியவனின் கல்வியைப் பொதுக் கடமையாக வகுத்த இவ்விதிகள் அவை நிறைவேறாத ஊர்களிலும் ஒரு பயன் செய்தன: கட்டணம் வாங்குவோன் தான் வாங்குவதற்குக் காரணம் கூறவேண்டியவனானான்.

காரணங்கள் இருவழிகளில் வந்தன. ஒன்று, பொலோஞாவின் சட்ட அறிஞர் போற்றிய உரோமச் சட்டத்தொகுப்பு. அதில் இடம்பெறும் உல்பியன் என்னும் சட்டவாணரின் கருத்து நுண்மையானது. சட்ட அறிவு புனிதமானது; ஆதலின் அதனை விலையால் மதிப்பிட்டு இழிவுபடுத்தலாகாது, ஆசிரியர் தம் ஊதியத்துக்கு வழக்காடவும் முடியாது. எனினும், கேட்டுப் பெறின் இழிவாவதைக் கொடுக்கப் பெறின் கண்ணியத்தோடு ஏற்கலாம். மற்றது திருச்சபைச் சட்டவாணரின் வழி. மானியம் உடையவன் வாங்கலாகாது. மானியம் இல்லாதவன் வாங்கலாம், அதுவும் செல்வரிடமிருந்தே அன்றி வறியவரிடமிருந்து அன்று என அவர்கள் வரையறை செய்தனர். இவ்விரு வழிகளினதும் சாரத்தைத் தோமஸ் அக்குவைனாஸ் தமது இறையியற் சுருக்கத்தில் தெளிவுபடக் கூறினார். கற்பிக்கக் கடமைப்படாத ஒருவன் கற்பித்தலுக்குப் பொருள் பெறின், அவன் உண்மையையோ அறிவையோ விற்பவன் அல்லன். தன் உழைப்பைக் கூலிக்கு அமர்த்துபவன். பதவியால் அதற்குக் கடமைப்பட்டவன் பெறுவானாயின், அது பெரும் பாவம்.

இவ்வேறுபாட்டை வெறுஞ் சொற்சாலம் எனத் தள்ளிவிடுதல் எளிது, நியாயமாகாது. நெல்லை விற்றவனிடம் நெல் இல்லை. அறிவைக் கொடுத்தவனிடமோ அது குறையாது நிற்கின்றது. குறையாத ஒன்றுக்கு ஈடு கேட்டல் எங்ஙனம்? ஆனால் ஆசிரியன் செலவிட்ட வைகறைகளும், கரைந்த தொண்டையும், மங்கிய கண்ணொளியும் திரும்பி வருவனவல்ல. ஈடு கோரத்தக்கன அவையே. ஆசிரியனை உழைப்பாளியாகக் கண்டமை மத்தியகாலச் சிந்தனையின் ஒரு பேறு என்றே கொள்ளவேண்டும். கையால் உழையாதவன் உழையாதவனே என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆயினும் அதன் நலிந்த இடமும் மறைக்கத்தக்கதன்று. உழைப்பே விலைக்குரியதாயின், ஒரே நேரம் கற்பித்த பேரறிஞனும் மந்த ஆசிரியனும் ஒரே கூலியைப் பெறவேண்டும். பொலோஞாவில் அவ்வாறு நிகழவில்லை. புகழ்பெற்ற சட்ட அறிஞர் மாளிகை கட்டினர்; மற்றையோர் மாணவரை எதிர்பார்த்துக் கிடந்தனர். மாணவர் எதற்குப் பணம் கொடுத்தனர் என்பதை மாணவர் அறிவர்.

பொலோஞாவின் வரலாறு இவ்வினாவின் ஒரு முகத்தை வெளிப்படையாகக் காட்டுகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டு 1088 எனக் கூறுவது மரபு. எவரும் அவ்வாண்டில் அதனை நிறுவியதில்லை. இர்னேரியஸ் முதலியோர் உரோமச் சட்டத்துக்கு உரை சொல்லக் கேட்க வந்த பிறநாட்டு மாணவரின் கூட்டமே அதன் மூலம். அம்மாணவர் பெரும்பாலும் வளர்ந்தோர். செல்வமும் உலகியல் அறிவும் உடையோர். ஆனால் பொலோஞாவின் குடிமக்கள் அல்லர் என்பதால் நகரச் சட்டத்தின் காப்பு அவர்களுக்கு இல்லை. தம் நாட்டவன் ஒருவன் பட்ட கடனுக்கு வழியிற் செல்லும் மாணவனைப் பிடித்துவைக்கும் வழக்கத்திலிருந்து பேரரசர் முதலாம் பிரெடெறிக், 1155இலும் 1158இலும் வைத்துக் கூறப்படும் தமது ஆணையால் அவர்களைக் காத்தார். எஞ்சிய காவலை அவர்கள் தாமே தேடிக்கொண்டனர். கைவினைஞர் சங்கம் அமைத்தது போலவே மாணவரும் சங்கம் அமைத்தனர். 'யூனிவேர்சித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல் அக்காலத்தில் குறித்தது இத்தகைய கூட்டத்தையே. சகல கலைகளையும் கற்பிக்கும் இடம் என்ற பொருளை அது அன்று தரவில்லை.

சங்கமாகத் திரண்ட மாணவர் முதலில் வீட்டு வாடகையையும் நூற் பிரதிகளின் விலையையும் கட்டுப்படுத்தினர். பின்னர் ஆசிரியரையும் கட்டுப்படுத்தினர். மாணவர் தேர்ந்த றெக்டருக்குக் கீழ்ப்படிவதாகப் பேராசிரியர் சத்தியம் செய்யவேண்டும். அனுமதியின்றி ஒரு நாளேனும் வாராதிருத்தல் ஆகாது. நகரை விட்டு வெளியே செல்வதாயின், திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் வைக்கவேண்டும். மணி ஒலித்ததும் தொடங்கவேண்டும். அடுத்த மணி ஒலித்ததும் நிறுத்தவேண்டும். கடினமான பகுதியைத் தாவிச் செல்லலாகாது. விரிவுரைக்கு ஐவரேனும் வாராவிடின், அவர் வாராதிருந்தவராகவே கருதப்பட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது. பேராசிரியரின் தவறுகளை அறிவிப்பதற்கென்றே மாணவருள் இரகசியமாகச் சிலர் நியமிக்கப்பட்டனர். கீழ்ப்படியாத ஆசிரியரின் கட்டணம் நிறுத்தப்படும்; அவர் பட்டினி கிடக்கவேண்டியதுதான். பணம் கொடுப்பவன் எசமானன் என்னும் விதி இத்துணை அப்பட்டமாகக் கல்வியுலகில் வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. இதனை மாணவர் சனநாயகம் எனப் போற்றுவோர், அம்மாணவரிற் பலர் உயர்குடியினரும் ஆலய மானியங்களை ஏற்கெனவே அனுபவித்தோருமாவர் என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

ஆசிரியரின் நிலையும் தூய்மையானதாக இருந்ததெனல் இயலாது. 1265இல் இறந்த ஒடொபிரேடஸ் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர், ஆண்டிறுதி விரிவுரையில் மாணவரை நோக்கி, அடுத்த ஆண்டு வழமையான விரிவுரைகளை மட்டுமே நிகழ்த்தப்போவதாகவும், மேலதிக விரிவுரைகளை நிகழ்த்தப்போவதில்லை என்றும் அறிவித்தார். காரணம், மாணவர் ஒழுங்காகப் பணம் செலுத்துவதில்லை. கற்க ஆசைப்படுகின்றனர், விலை கொடுக்க ஆசைப்படுகிலர். கேட்டுப் பெறுதல் இழிவு என்ற உல்பியனின் வாசகத்துக்கு வாழ்நாள் முழுதும் உரை சொன்னவர்களுள் ஒருவரின் வாயிலிருந்து வந்த முறைப்பாடு இது.

இவ்விழுபறிக்கு நகரசபை முடிவு கண்டது. பேராசிரியரும் மாணவரும் வேறு நகருக்குப் பெயர்ந்துவிடுவர் என்ற அச்சம் பொலோஞாவுக்கு எப்போதும் இருந்தது. 1222இல் அவ்வாறு பெயர்ந்தோரால் பதுவாப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1280இல் கார்சியாஸ் என்னும் ஸ்பானிய சட்டப் பேராசிரியருக்கு 150 இலீரா சம்பளத்தை நகரமே கொடுக்க உடன்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின் நிரந்தர சம்பளத்துடன் இரு பதவிகள் ஏற்படுத்தப்பட்டன. மாணவர் மகிழ்ந்தனர், சுமை குறைந்தது என்று. சம்பளம் பெறுவோரின் தொகை பெருகப் பெருக, பேராசிரியரைத் தேரும் உரிமையும் அவர்களை அடக்கும் அதிகாரமும் நகர அதிகாரிகளிடம் சென்றன. மாணவர் சங்கத்தின் விதிகள் ஏட்டில் இருந்தன, எசமானன் மாறிவிட்டான்.

எசமானன் ஒருவனே என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிய இடம் நேப்பிள்ஸ். பேரரசர் இரண்டாம் பிரெடெறிக் 1224இல் அங்குப் பல்கலைக்கழகம் நிறுவி, ஆசிரியருக்குச் சம்பளமும் மாணவருக்குக் கடன் வசதியும் மலிவான உறைவிடமும் உறுதியளித்தார். தம் குடிகள் கற்பதற்கு வேறெங்கும் செல்லலாகாது என்றும் ஆணையிட்டார். அரசுக்கு வேண்டிய அலுவலரை ஆக்குவதே அதன் நோக்கம். அங்கு இளமையிற் கற்ற தோமஸ் அக்குவைனாஸ் அரச அலுவலராகாமல் பிச்சையேற்கும் துறவியானமை பேரரசரின் திட்டத்தில் இடம்பெற்றிருக்கவில்லை.

பாரிசில் வினா வேறு வடிவம் கொண்டது. அங்குச் சங்கமாகத் திரண்டோர் மாணவரல்லர், ஆசிரியர். அவர்களது முதற் போராட்டம் நோத்ர்தாம் பேராலயத்தின் சான்சலருக்கு எதிரானது. கற்பித்தல் அனுமதியை வழங்குபவர் அவரே. பணமும் கீழ்ப்படிதற் சத்தியமும் கேட்டவரும் அவரே. பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ற் தலையிட, 1213இல் இரண்டும் தடுக்கப்பட்டன. பாப்பரசரின் தூதர் றொபேட் தெ கூர்சோன் 1215இல் வகுத்த விதிகளும் பணம் கொடுத்து அனுமதி பெறுதலை விலக்கின. திருச்சபையின் தலைமை, உள்ளூர்த் திருச்சபையின் பிடியிலிருந்து ஆசிரியரை விடுவித்தது. இவ்விடுதலைக்கும் விலை இருந்தது என்பது 1277இற் புலனாயிற்று. பாப்பரசரின் விசாரணைப் பணிப்பைத் தொடர்ந்து பாரிஸ் ஆயர் எத்தியேன் தம்பியே, கலைப்பீடத்திற் போதிக்கப்பட்டனவாகக் கூறப்பட்ட 219 கூற்றுகளைக் கண்டித்துத் தடை செய்தார்.

1229ஆம் ஆண்டுக் களியாட்ட நாள்களில் சென் மார்செல் புறநகரின் மதுச்சாலை ஒன்றில், குடித்த திராட்சை மதுவின் விலை குறித்து மாணவர் சிலருக்கும் கடைக்காரனுக்கும் வாய்ச்சண்டை மூண்டது. அடிபட்டுச் சென்ற மாணவர் மறுநாள் தடிகளோடு திரும்பி அட்டூழியம் புரிந்தனர். அரசியார் பிளான்ஷின் கட்டளைப்படி வந்த படையினர், குற்றத்தில் தொடர்பற்ற மாணவரையும் கொன்றனர். ஆசிரியர் விரிவுரைகளை நிறுத்தினர். நீதி கிட்டாமையால் நகரையே விட்டு அகன்றனர். இவ்வேலைநிறுத்தம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1231இல் பாப்பரசர் ஒன்பதாம் கிறகரி வெளியிட்ட ஆணை, தக்க காரணம் உள்ளவிடத்து விரிவுரைகளை நிறுத்தும் உரிமையை அவர்களுக்கு உறுதிப்படுத்தியது. கட்டடமோ நிலமோ அற்ற அச்சங்கத்துக்கு இருந்த ஒரே படைக்கலம் அதுவே. மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படவல்லவனை எந்த அரசனும் எளிதில் அச்சுறுத்த முடியாது.

ஆனால் அவ்வேலைநிறுத்தத்தின்போது எல்லோரும் புறப்படவில்லை. தொமினிக்க சபைத் துறவிகள் பாரிசிலேயே தங்கினர், கற்பித்தலையும் தொடர்ந்தனர், அவ்விடைவெளியில் இறையியற் பேராசிரியர் பதவியொன்றும் அவர்களுக்குக் கிட்டியது. அவர்கள் நோக்கில் இதில் குற்றமேதும் இல்லை. அவர்கள் இரந்துண்டு வாழ்ந்தனர்; கட்டணம் வாங்கவில்லை; இறைவனின் கொடையை இறைவனின் கொடையாகவே வழங்கினர். மூன்றாம் லத்தரன் சங்கம் கனவு கண்ட ஆசிரியர் இவர்களே என்று கூறினும் பொருந்தும். இவர்களது விரிவுரைகளில் மாணவர் குவிந்தனர். கட்டணத்தில் வாழ்ந்த ஏனைய ஆசிரியரின் வகுப்புகள் மெலிந்தன.

1253இல் நகரக் காவலர் மாணவர் ஒருவரைக் கொன்றபோது மீண்டும் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. துறவிகள் மறுபடியும் சேர மறுத்தனர். சங்கத்தின் விதிகளைக் காப்பதாகச் சத்தியம் செய்யும்படி கேட்கப்பட்டபோது, தமது சபைத் தலைவருக்கே தாம் கீழ்ப்படிந்தவர் என்றனர். பல்கலைக்கழகம் அவர்களை வெளியேற்றியது. பாப்பரசர் நான்காம் அலெக்சாண்டர் 1255இல் அவர்களை மீளச் சேர்க்கப் பணித்தார். பூசல் முற்றியது. தொமினிக்க மடத்துக்கு அரசனின் வில்வீரர் காவல் நிற்க வேண்டியதாயிற்று. உடல்வலுவுள்ளோர் உழைத்துண்ண வேண்டும், இரந்துண்ணலாகாது என வாதாடித் துறவிகளைத் தாக்கிய குயியோம் தெ சென்தாமூர் என்னும் பேராசிரியரின் நூல் 1256இற் கண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் நாடுகடத்தப்பட்டார். துறவிகளான தோமஸ் அக்குவைனாஸும் பொனவெந்தூராவும் 1257இல் ஆசிரியர் சங்கத்தில் ஏற்கப்பட்டனர்.

இப்பூசலில் எவர் பக்கம் அறம் நின்றது? துறவிகளைப் பொறாமை கொண்டோர் எதிர்த்தனர் என்பது பழைய விளக்கம். அது முழுமையாகாது. மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு நீதி கேட்டல் ஆசிரியரின் கடமை. நீதி கேட்பதற்கு விரிவுரையை நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. தன் உணவுக்குக் கட்டணத்தை நம்பியிருந்தவனே அவ்விழப்பைத் தாங்கி நிறுத்தினான். கட்டணம் வேண்டாதவன் நிறுத்த மறுத்தான். கொடையின் தூய்மை தோழமைக்குப் பகையாயிற்று. மறுபுறத்தில், 13ஆம் நூற்றாண்டின் ஆழ்ந்த சிந்தனையிற் பெரும்பகுதி துறவிகளிடமிருந்தே வந்தது என்பதையும், அவர்களது வாயிலில் வறிய மாணவன் பணப்பையைத் திறக்கவேண்டி இருக்கவில்லை என்பதையும் மறுத்தல் இயலாது. ஆசிரியன் தன் உழைப்புக்குக் கூலி பெறலாம் என்று பின்னர் நிறுவியவரும் ஒரு துறவியே. தம்மை வெளியே நிறுத்த முயன்றோரின் பிழைப்புக்குத் தோமஸ் அக்குவைனாஸ் நியாயம் வகுத்துக் கொடுத்தார். தாம் கூலி பெறவில்லை. இலவசமாகக் கொடுத்தல் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் கொடுப்பவன் எவருக்குக் கட்டுப்பட்டவன் என்ற வினாவை அவ்வுயர்வு அழித்துவிடாது. துறவி பாப்பரசருக்குக் கட்டுப்பட்டவன். ஏனைய ஆசிரியர் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டனர்.

வறிய மாணவரின் பொருட்டு எழுந்த ஏற்பாடுகள் தனியே நோக்கத்தக்கன. 1180இல் எருசலேமிலிருந்து திரும்பிய இலண்டன்வாசி ஒருவர், பாரிஸ் மருத்துவசாலையில் வறிய மாணவர் தங்கும் அறையொன்றை விலைக்கு வாங்கி, 18 மாணவருக்குப் படுக்கையும் சிறு உதவித்தொகையும் ஏற்படுத்தினார். கைம்மாறாக, மருத்துவசாலையில் இறப்போரின் உடல்களுக்கு முன்னே அவர்கள் முறைவைத்துச் சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்லவேண்டும். பாரிசின் முதற் கல்லூரி அதுவே. குடியானவர் குலத்திற் பிறந்து அரசனின் குருவான றொபேட் தெ சோர்போன் 1257 அளவில் நிறுவிய கல்லூரியின் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. ஒக்ஸ்போட்டில் 1209இல் நகரத்தார் மாணவர் சிலரைத் தூக்கிலிட்டதால் ஆசிரியரும் மாணவரும் கலைந்தனர்; அவர்களிற் சிலர் சென்ற இடமே கேம்பிறிட்ஜ். அதற்குக் கழுவாயாக 1214இல் நகரத்தார்மீது ஆண்டுதோறும் 52 சிலிங் வறிய மாணவருக்கென விதிக்கப்பட்டது; புனித நிக்கலஸ் திருநாளில் வறிய மாணவர் நூற்றுவருக்கு விருந்தும் அளிக்கவேண்டும். பாரிசில் மாணவன் செலுத்தவேண்டிய தொகை, அவன் வாரமொன்றுக்கு உணவுக்குச் செலவிடுவதை அளவாகக் கொண்டு கணிக்கப்பட்டது. குறைவாக உண்பவன் குறைவாகச் செலுத்தினான். இத்துணை எளிமையும் நேர்மையும் உடைய அளவுகோலைப் பிற்காலத்தவர் ஏன் கைவிட்டனர் என எண்ணத் தோன்றுகின்றது.

கற்பித்தலின் விலை குறித்து இத்தனை கூர்மையாகச் சிந்தித்தோர், பிறிதொரு பொருளின் விலை ஏறுவதைத் தடுக்கமாட்டாராயினர். அது பட்டம். 1179இன் விதி அனுமதிக்குப் பணம் வாங்குவதைத் தடுத்தபோது, அனுமதி ஓர் ஊரின் ஆயர் எல்லைக்குள்ளேயே செல்லுபடியாயிற்று. 1219இல் பொலோஞாவில் தலைமைத் திருத்தொண்டரின் அனுமதியின்றி எவரும் கலாநிதியாதல் ஆகாது எனப் பாப்பரசர் விதித்தார். 1233இல் துலூஸ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றோருக்கு எங்கும் கற்பிக்கும் உரிமை வழங்கப்பட்டது. 1291இல் பொலோஞாவும் 1292இல் பாரிசும் அவ்வுரிமையை எழுத்திற் பெற்றன. ஐரோப்பா முழுவதும் செல்லுபடியாகும் நாணயம் போலப் பட்டம் ஆயிற்று. அனுமதிக்கு விலை கூறுதல் பாவம். ஆகவே விலை வேறு பெயர்களிற் பெறப்பட்டது. தேர்வாளருக்கு அங்கியும் கையுறையும், சங்கத்தாருக்கு விருந்து, ஊர்வலத்துக்கு எக்காளம். இச்செலவு எவ்வளவுக்கு ஏறிற்று என்பதை, 1311–12இல் வியென் நகரிற் கூடிய பொதுச்சங்கத்தை ஒட்டிப் பாப்பரசர் ஐந்தாம் கிளெமென்ற் விதித்த வரம்பே காட்டும்: கலாநிதிப் பட்டம் பெறுவோன் 3000 வெள்ளித் தூர் நாணயங்களுக்கு மேற் செலவிடுவதில்லை எனச் சத்தியம் செய்யவேண்டும். வரம்பே இதுவாயின், வரம்பில்லாதபோது நிகழ்ந்ததை ஊகிக்கலாம். கற்று முடித்தும் பட்டம் பெறாது வீடு திரும்பியோர் பலர்.

15ஆம் நூற்றாண்டின் முடிவிற்குள் ஐரோப்பாவிற் பல்கலைக்கழகங்கள் அறுபதுக்கு மேற்பட்டன. பிராகா (1348), கிறாக்கோ (1364), வியன்னா (1365), ஹைடல்பேர்க் (1386) முதலியவற்றை நிறுவியோர் அரசரும் சிற்றரசருமே. தாமே திரண்ட சங்கங்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பாரிஸ் பல்கலைக்கழகமே 1446இல் அரச நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுத்தப்பட்டது.

அறிவு, உழைப்பு, அனுமதி என்னும் மூன்றும் ஒன்றையொன்று எதிர்கொண்ட ஒரு வழக்கு 1322இல் பாரிசில் நிகழ்ந்தது. ஷாக்கெலின் பெலிசீ என்னும் பெண்மணி அனுமதியின்றி மருத்துவம் செய்கின்றார் என மருத்துவ பீடம் முறையிட்டது. நோயுற்றோரை அவர் நாடி பார்த்தும் சிறுநீரை ஆய்ந்தும் மருந்து கொடுத்தும் பேணினார் என்பதை எவரும் மறுக்கவில்லை. பட்டம் பெற்ற மருத்துவர் பலர் கைவிட்டபின் அவரால் நலமடைந்தோர் வரிசையாக வந்து சாட்சி கூறினர். நோய் குணமாகும்வரை அவர் கூலி பெறுவதில்லை என்பதும் அச்சாட்சியங்களில் வெளிப்பட்டது. பெண் நோயாளர் தம் மறைவான பிணிகளை ஆடவரிடம் கூற நாணி மடிகின்றனர், ஆகவே பெண் மருத்துவர் வேண்டும் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. பெண் நீதிமன்றத்தில் வழக்குரைக்கவே சட்டம் இடங்கொடாதபோது, உயிரோடு தொடர்புடைய மருத்துவத்துக்கு எங்ஙனம் இடங்கொடுக்கும் என்பது தீர்ப்பின் தருக்கமாயிற்று. அவர் குணப்படுத்தினாரா என்பதை ஆராய நீதிமன்றம் தேவை காணவில்லை. மீண்டும் மருத்துவம் செய்யின் திருச்சபை விலக்கும் தண்டமும் வரும் என எச்சரித்து, அப்பெண்மணியின் கையைக் கட்டியது.